நாலு பேருக்கான லென்ஸ்

சின்னவளின் பள்ளியில் கேட்டது ஒரே ஒரு படம். வீட்டில் இருக்கிற எல்லாரும் சேர்ந்திருக்கும் படம், உள்ளங்கை அளவு போதும், திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். இதென்ன பெரிய காரியம் என்று சனிக்கிழமை காலையில் அவளுடைய அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வீட்டிலேயே ஒரு போட்டோகிராபரை வைத்துக்கொண்டு இதற்கெல்லாமா கவலைப்படுவது? கணவனுக்குப் பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸ், மற்ற நேரமெல்லாம் கேமரா. ஆபீசில் அவனை 'லென்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் தும்மினால் படம், தூங்கினால் படம், பல் விழுந்தால் அந்தப் பல்லுக்குத் தனியாக நாலைந்து படம். எல்லாவற்றையும் வருஷவாரியாக அடுக்கி வைத்திருந்தான். அவளும் ஒரு வருஷத்தைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. எல்லாரும் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை.

எல்லாரும் என்றால் ஐந்து பேர். அவள், கணவன், பெரியவன், சின்னவள், பிறகு அவளுடைய அக்கா. பெரியவன் பிறந்தபோது, அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு மாதம் கூட இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள் அக்கா. லீவு முடிந்து பெட்டியைக் கட்டியபோது, "நீங்க போயிட்டா இந்த வீடு வீடாவே இருக்காதுக்கா" என்று கணவன்தான் உருகினான். அக்கா நம்பிவிட்டாள். கல்யாணம் காட்சி இல்லாதவள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, வேலையை விட்டாள். அதற்குப் பிறகு சின்னவளும் பிறந்து, இருவரும் பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்தாயிற்று. அந்த வளர்ப்பில் பாதிக்குமேல் அக்காவின் கை.

படங்களில் அக்கா இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கேக் வெட்டுகிற ஒரு படத்தில் ஓரமாகத் தட்டை நீட்டுகிற கை இருந்தது. பெரியவன் முதன்முதலாக நடந்த படத்தில் அவனைப் பிடிக்கத் தயாராக இருந்த ஒரு முழங்கை. மற்றதில் எல்லாம் பின்னால், கிச்சன் பக்கம், நீல நிறத்தில் ஏதோ கரைந்து தெரிந்தது. முதலில் அவள் அதைத் திரைச்சீலை என்று நினைத்தாள். கிச்சனுக்குக் கதவே கிடையாது, அகலமான வளைவுதான், அங்கே ஏது திரைச்சீலை என்று யோசித்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அது அக்காவின் நீலப் புடவை. சொந்த அக்காவைத் திரைச்சீலை என்று நினைத்துவிட்டோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூச்சம் அடங்கியதும் ஆத்திரம் வந்தது.

"என்னங்க, அக்கா இருக்கற படம் ஒண்ணு காட்டுங்க."

"நிறைய இருக்குமே," என்று சொல்லிக்கொண்டே கணவன் வந்தான். மவுஸை வாங்கி விறுவிறுவென்று நகர்த்தினான். கொஞ்ச நேரத்தில் விறுவிறுப்பு குறைந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது லென்ஸ் பிரச்சனை," என்றான்.

அவன் விளக்கியது இதுதான். அவனிடம் இருப்பது ஃபிக்ஸட் லென்ஸ். அதைத் திருகிப் பக்கத்தில் இழுக்கவும் முடியாது, தூரத்தில் தள்ளவும் முடியாது. ஹால் சின்னது. ஜன்னல் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தாலும், டைமர் போட்டுவிட்டு ஓடிவந்து நின்றாலும், நாலு பேர்தான் அடங்குவார்கள். அஞ்சாவது ஆள் வெட்டுப்பட்டுப் போவார்.

"அஞ்சு பேர் இருக்கற வீட்டுக்கு, நாலு பேர் அடங்கற லென்ஸை யார் வாங்கினா?"

"வெளிச்சத்துக்காக வாங்கினது. வீட்டுக்குள்ள எடுக்க இதுதான் பெஸ்ட். வேணும்னா இப்போ ஒரு ஜூம் வாங்கிடலாம்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்துவிட்டது. திட்டு வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு லென்ஸ் வாங்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

அக்கா கிச்சனிலிருந்து எட்டிப்பார்த்தாள். "எதுக்குடி இதைப் போய்க் கிண்டிக்கிட்டு. என் மூஞ்சி எனக்குத் தெரியும். பாக்கணும்னு ஆசைப்படறவங்க நேர்ல பாத்துக்கட்டும், இங்கதானே கெடக்கேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. சிரித்ததைத்தான் தங்கையால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கேமராக் கடைக்குப் போனார்கள். அக்கா வரவில்லை, சமையல் கிடக்கிறது என்றாள். கடைக்காரர் ஜூம் லென்ஸ் ஒன்றைக் கணவனின் பழைய கேமராவில் மாட்டிக் கொடுத்தார். அவன் வளையத்தைத் திருகினான், பிள்ளைகளைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு, சும்மா பார்க்கத்தான் என்று சொல்லி, இன்னும் பெரிய கண்ணாடி வைத்த ஃபிக்ஸட் லென்ஸ் ஒன்றை எடுக்கச் சொன்னான். அதை மாட்டிச் சின்னவளை ஒரு படம் எடுத்தான். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டான்.

"இங்க பாரேன்," என்று திரையை அவளிடம் நீட்டினான். "ஜூம்ல எல்லாரும் அடங்குவாங்க, இல்லைங்கலை. ஆனா வீட்டுக்குள்ள வெளிச்சம் பத்தாது. பிள்ளைங்க ஆடிக்கிட்டே இருப்பாங்க, படம் கலங்கிடும். இதுல கண்ணைப் பாரு, முடியைப் பாரு. பின்னாடி இருக்கறதெல்லாம் வெண்ணெய் மாதிரி கரைஞ்சு போயிடுது."

"நம்ம வீட்டுல பின்னாடி இருக்கறது யாரு?"

"என்னது?"

"கரைஞ்சு போறது யாருன்னு கேக்கறேன்."

கடைக்காரர் ஏற்கெனவே பளபளத்த கண்ணாடி மேஜையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். கணவன் குரலைத் தாழ்த்தினான். "அக்காவைத் தனியா ஒரு படம் எடுத்துடலாம். சூப்பரா வரும். அதை நம்ம படத்தோட ஓரத்துல சேத்து ஒட்டிக் கொடுத்துடலாம். ஸ்கூல்ல யாரு உத்துப் பாக்கப்போறாங்க?"

நம்ம படம், அக்காவைத் தனியா. எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டான். அவள் வேலை பார்ப்பது பஸ் முன்பதிவுக் கவுண்டரில். ஐந்து பேர் குடும்பம் வந்து நின்றால், இரண்டு வரிசையைக் கலைத்து, முன்பின் தெரியாத ஆட்களைக் கெஞ்சி இடம் மாற்றி, அந்த ஐந்து பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து அனுப்புவாள். ஊரார் குடும்பத்துக்கெல்லாம் சீட்டு போட்டுக் கொடுக்கத் தெரிந்தவள், சொந்த வீட்டுப் படத்தில் நாலு பேரில் ஒருத்தியாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம பழைய லென்ஸை மாட்டுங்க," என்றாள்.

மாட்டிக் கொடுத்தான். அவள் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். முதலில் கணவனும் பிள்ளைகளும் தெரிந்தார்கள். முக்காலிகள் அடுக்கியிருந்த அலமாரியைத் தாண்டியதும் கடைக்காரர் வந்தார். பைகள் தொங்கிய கம்பியில் முதுகு இடித்தபோது, பேட்டரி வாங்க வந்திருந்த ஒரு தம்பதியும் உள்ளே வந்துவிட்டார்கள். யாரும் வெட்டுப்படவில்லை. தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேற்று மனிதர்கள் இரண்டு பேரைக்கூட அந்த லென்ஸ் மறுப்பு சொல்லாமல் சேர்த்துக்கொண்டது.

"எல்லாரும் அடங்கறாங்களே," என்றாள்.

"கடை நீளமா இருக்கு. நம்ம ஹால்ல எங்க பின்னாடி போறது? சுவர் இடிக்கும்."

"ஜன்னல் பக்கம் போனா சுவர் இடிக்கும். எதிர்ப்பக்கம்?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "எதிர்ப்பக்கம் கிச்சன்."

அவன் சொன்ன தோரணையைப் பார்த்தால், அங்கே நிலம் முடிந்து கடல் ஆரம்பிக்கிறது போலிருந்தது.

எதுவும் வாங்காமல் திரும்பினார்கள். பஸ்ஸில் கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்காவை வேண்டுமென்றே ஒதுக்கினான் என்றால் சண்டை போடலாம், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம். இவன் ஒதுக்கவில்லை. அக்கா சாப்பிட்டாச்சா என்று தினமும் விசாரிக்கிறவன்தான், அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டரிடம் ஓடியவன்தான். அக்காவை வெளியே விட்டு எடுக்கிறோம் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. இத்தனை வருஷமாக வெளிச்சத்தையும் தூரத்தையும் பற்றி அக்கக்காகப் படித்தவனுக்கு, நாலு எட்டு பின்னால் போனால் கிச்சன் என்று ஓர் இடம் இருக்கிறது என்பது தெரியவில்லை. அங்கே அவன் போனால்தானே தெரியும். கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் கோபப்படுவதாவது சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. "அக்கா, கையைத் துடைச்சிட்டு இங்க வா."

"வெங்காயம் வதங்கிட்டிருக்குடி."

"வதங்கட்டும். வந்து சோபாவுல நடுவுல உக்காரு." கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க போய் கிச்சன்ல நில்லுங்க."

"ஜன்னலுக்கு எதிரா எடுத்தா எல்லார் மூஞ்சியும் கறுத்துடும்," என்றான் அவன். அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். "இப்ப ரொம்ப இருட்டு," என்றான். "கிச்சன் லைட்டைப் போடுங்க," என்றாள். அவன் உள்ளே போய்ச் சுவரைத் தடவும் சத்தம் கேட்டது. ஒரு தடவை மேலே காற்றாடி ஓடியது, இன்னொரு தடவை ஹாலில் இருந்த விளக்கு எரிந்தது. சின்னவள்தான் ஓடிப்போய், "அதில்லப்பா, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி," என்று காட்டிக்கொடுத்தாள்.

கேமராவை எங்கே வைப்பது என்று அடுத்து தடுமாறினான். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைச் சத்தத்தோடு ஒதுக்கிவிட்டு, மேடையின் ஓரத்தில் வைத்தான். குனிந்து பார்ப்பதற்காகப் பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்ந்ததில் சட்டையின் பின்பக்கம் முழுக்க ஈரம். கண்ணைப் பொருத்தி, சோபாவை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தான்.

"வந்துட்டாங்க," என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "எல்லாரும் வந்துட்டாங்க. எனக்கும் இடம் இருக்கு."

சோபாவில் பெரியவன் ஒரு பக்கமும் சின்னவள் மறு பக்கமும் அக்காவை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தங்கை பெரியவனுக்கு அடுத்தாற்போல உட்கார்ந்து, அவன் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் அக்காவின் தோளில் போட்டுக்கொண்டாள். அக்காவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தாள், புடவைத் தலைப்பை இழுத்துவிட்டாள், திரும்பவும் மடியில் வைத்தாள். "எங்கடி பாக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கேமராவைப் பாருக்கா."

"டைமர் போட்டுட்டேன்," என்று கணவன் சொன்னான். சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு மின்னியது. அவன் ஓடிவரக் காலெடுத்தபோதுதான் கருகல் வாடை ஹாலுக்கு வந்தது. அவனுடைய இடது முழங்கைக்குப் பக்கத்திலேயே வாணலி புகைந்துகொண்டிருந்தது. அவன் அதற்குப் பக்கத்தில் இவ்வளவு நேரம் நின்றிருந்தான்.

"ஐயோ, வெங்காயம்," என்று அக்கா பாதி எழுந்தாள்.

தோளில் இருந்த கை அழுத்தியது. "உக்காரு."

"கருகுதுடி."

"கருகட்டும். அவர் பக்கத்துலதானே நிக்கறாரு."

கணவன் திரும்பி வாணலியைப் பார்த்தான். கைப்பிடியைத் தொட்டுவிட்டு விரலை உதறினான். அடுப்பில் வரிசையாக இருந்த குமிழ்களைப் பார்த்தான், ஒன்றைத் திருகினான். பக்கத்து அடுப்பு உஸ்ஸென்றது. அவசரமாக அதை மூடினான். "அக்கா, இதுல எது?" என்று கேட்டான்.

அக்காவின் வாய் திறந்தது. "சொல்லாதே," என்றாள் தங்கை. புகை மெல்ல வளைவைத் தாண்டி ஹாலுக்கு வந்தது. அவன் கேமராவுக்குப் பின்னாலேயே, படத்துக்குள் வராமல், குமிழ்களின் மேல் குனிந்திருந்தான். சிவப்பு விளக்கு வேகமாக மின்ன ஆரம்பித்தது. பாதி எழும்பிய நிலையில் விறைத்திருந்த அக்காவின் உடம்பு, தங்கையின் கைக்குக் கீழே, கொஞ்சம் கொஞ்சமாகச் சோபாவில் அமர்ந்தது.