பின்னால் நின்று பார்த்தவன்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இன்று காலை அண்ணன் போன் செய்தார். ஆறு வருடமாக நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசுகிறவர், இன்று குரலில் ஒரு துள்ளலோடு பேசினார்.

"டேய், பல் டாக்டர் ஆள் அனுப்பியிருக்காரு. ஷெட்ல கெடக்குற வண்டிய வெளிய எடுக்கணுமாம். இண்டிகேட்டர் வேலைய ஆரம்பிச்சவன்தான் வந்து முடிக்கணும்னு சொல்லிட்டாராம். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு. பின்னாடி நின்னு பாக்க ஆள் வேணும்."

"வேற யாரும் கெடைக்கலையாண்ணே?"

"நீ நின்னாதான்டா எனக்குத் தைரியம்."

போனை வைத்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்தாளன் என்று பெயர் வாங்கியவனுக்கு இது ஒரு வசதி. மற்றவர்கள் என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு நேரில் போய் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

2

"கார்களுக்கும் மனிதர்களுக்கும் ஒரு

(வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

"அன்று வெயில் கண்ணைப் பறித்தது. சிவப்புக் கண்ணாடியில் எது வெளிச்சம், எது வெயில் என்று

(இதையும் அடித்துவிட்டேன். வெயில் மேல் பழி போடும் புத்தி முதல் வரியிலேயே வந்துவிட்டது, பாருங்கள்.)

நேராகவே சொல்கிறேன். அண்ணன் கார்களுக்கு வயரிங் வேலை செய்தவர். ‘கரண்டு’ எங்கே என்று கேட்டால் வொர்க்‌ஷாப் தெருவில் யாரும் வழி காட்டுவார்கள். பழைய காரில் இண்டிகேட்டர் மின்னவில்லை என்றால் மற்றவர்கள் எடுத்த எடுப்பில் அதை மின்னவைக்கும் பிளாஷரை மாற்றுவார்கள், அப்புறம் சுவிட்சை, அப்புறம் வண்டிக்காரரின் பொறுமையை. அண்ணன் எதையும் மாற்ற மாட்டார். பல்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். ஃபியூஸைப் பார்ப்பார். கரண்டு வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்பின் முனையை ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுக்கொண்டே காரின் பின்பக்கம் வந்து சேருவார்.

"பழைய வண்டில பாதி வியாதி எர்த்துதான்டா. நம்ம ஆளுங்க மீதிப் பாதிக்குத்தான் வைத்தியம் பாப்பாங்க."

(ஒரு விளக்கம். பல்புக்கு வருவது ஒரு வயர்தான். கரண்டு திரும்பிப் போகும் வழி காரின் தகரம், அதுதான் எர்த்து. விளக்கைத் தகரத்தோடு பிடிக்கும் திருகின் அடியில் பெயின்ட் இருந்தால் அந்த வழி அடைபட்டது, பல்பு எரியாது. ஆகவே புதிதாகப் பெயின்ட் அடித்த காரில், திருகு உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தகரம் தெரியச் சுரண்ட வேண்டும். இந்த அடைப்புக்குறியை அலட்சியமாகத் தாண்டிவிடாதீர்கள். கதையில் இதுவரை நான் எழுதியதிலேயே நேர்மையான பகுதி இதுதான்.)

3

பல் டாக்டரின் கார் அவரைவிடப் பத்து வயது இளையது. அதை ‘மகாராணி’ என்பார். மகாராணிக்கு இண்டிகேட்டர் செத்துப் பல வருடம். டாக்டர் கவலைப்பட்டதில்லை. திரும்பும்போது வலது கையை ஜன்னலுக்கு வெளியே தோள்வரை நீட்டுவார். பின்னால் பேருந்தே வந்தாலும் நிற்கும். ஆறு வருடத்துக்கு முன் மகாராணிக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். அடித்த கையோடு இண்டிகேட்டரையும் உயிர்ப்பிக்கச் சொல்லி அண்ணனிடம் விட்டார்.

பழைய பிளாஷருக்கு ஈடு கிடைக்கவில்லை. அண்ணன் லாரிக்குப் போடுவதைப் போட்டார். அதில் ஒரு சிக்கல் இருந்தது, அவரே சொன்னார்.

"பழசா இருந்தா பல்பு போனதும் டக்டக் சத்தம் மாறும், உள்ள இருக்குறவனுக்குத் தெரிஞ்சுரும். இது, பல்பு எல்லாம் போனாலும் ஒரே மாதிரி அடிக்கும். பின்னாடி நின்னு கண்ணால பாத்தாதான் உண்டு."

அதற்காகத்தான் அன்று நான் இருந்தேன். அந்த வேலைக்குக் கண் ஒன்று போதும்.

இடது பக்கம் சுரண்டித் திருகி முடித்தார். நான் பார்த்தேன், எரிந்தது, சொன்னேன். (இது சத்தியம்.) வலது பக்கத்துக்கு வந்தபோது டாக்டர் வந்துவிட்டார். கிளினிக்கில் ஆள் காத்திருக்கிறது, சீக்கிரம் என்றார். அண்ணன் அவசரத்தில் வலது திருகை இறுக்கினார். அதற்கு முன் சுரண்டினாரா இல்லையா என்பது அவருக்கே நினைவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினார்.

"எரியுதாடா?"

"எரியுதுண்ணே."

அண்ணனுக்கு அன்று முகமெல்லாம் சிரிப்பு. கதவைத் திறந்துவிட்டு டாக்டரிடம் சொன்னார்: "இனிமே கைய வெளிய நீட்டாதீங்க டாக்டர். சுவிட்சத் தட்டுனாப் போதும்."

டாக்டர் சொன்ன பேச்சைக் கேட்கிறவர். பத்தாவது நிமிடம், கிளினிக் முக்கில் வலது பக்கம் திரும்ப சுவிட்சைத் தட்டினார். டக்டக் கேட்டது. கையை உள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பினார். முந்த வந்த வேன், மகாராணியின் டிரைவர் பக்கக் கதவில் மோதியது.

"பின்னாடி ஒண்ணும் மின்னல சார். கையும் காட்டல," என்றான் வேன்காரன்.

வலது மணிக்கட்டு மூன்று இடத்தில் உடைந்தது. ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கிய கையால் இப்போது ஒரு டம்ளரைத் ததும்பாமல் தூக்க முடியாது. கிளினிக்கை மூடிவிட்டார்.

4

அந்த "எரியுதுண்ணே"வை நான் ஏன் சொன்னேன்?

முதல் வரைவில் வெயில். அதை அடித்ததை நீங்களே பார்த்தீர்கள்.

இரண்டாம் வரைவில், காலையில் அண்ணனோடு எனக்குச் சண்டை, கோபத்தில் திரும்பி நின்றேன். (சண்டையே இல்லை. அன்று காலை அண்ணன் எனக்கு டீ வாங்கித் தந்தார். அந்த டீயைக் கதையிலிருந்து தூக்கிவிட்டு, ஒரு சண்டையைச் செய்து வைத்தேன். என் தொழில் அது.)

மூன்றாம் வரைவு: போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பத்திரிகையிலிருந்து மின்னஞ்சல். என் முதல் கதையை எடுத்துக்கொண்டார்களாம். அண்ணன் "எரியுதாடா" என்று கேட்டபோது அந்த நாலு வரியை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

ஆக, எரிந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. பின்னால் நின்ற ஒரே ஆள் நான்தான், எனக்கே தெரியாது.

5

இதுவரை நடந்தது கவனக்குறைவு என்று மன்னிக்க நினைப்பவர்களுக்காக அடுத்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீ பாத்தப்ப எரிஞ்சுதுல்ல?"

"எரிஞ்சுதுண்ணே."

"அப்ப என் திருகுதான்டா கழண்டிருக்கு. பத்து நிமிஷம்கூட நிக்கல."

அன்றோடு திருப்புளியைக் கீழே வைத்தவர்தான். இப்போது ஒரு பெரிய கடையின் வாகன நிறுத்தத்தில் சீட்டு கிழிக்கிறார். "வரலாம், வரலாம், போதும்" என்று அடுத்தவர் கார்களுக்குப் பின்னால் நின்று கத்துகிறார். அண்ணி ஒருமுறை என்னிடம் அழுதார்: "வர்ற வண்டி போற வண்டிக்கெல்லாம் பின்னாடி குனிஞ்சு லைட்டப் பாக்குறாருப்பா. ஜனங்க சிரிக்கிறாங்க. நீயாவது சொல்லக் கூடாதா?"

சொல்கிறேன் அண்ணி என்றேன். அந்த வருடம்தான் என் முதல் புத்தகம் வந்தது. அண்ணனுக்குத்தான் சமர்ப்பணம்.

6

காரின் கதவை யாரோ சரிசெய்தார்கள். பின்விளக்கை யாரும் தொடவில்லை, அது உடையவே இல்லை. ஆறு வருடமாக அந்தத் திருகு அப்படியே இருக்கிறது. நாளை எட்டு மணிக்கு அண்ணன் அதைக் கழற்றுவார்.

முடிவு ஒன்று: திருகின் அடியில் பெயின்ட் கீறல்கூட இல்லாமல் பளபளக்கிறது. அப்படியானால் அந்த விளக்கு ஒரு நொடிகூட எரிந்திருக்க முடியாது. அண்ணன் குனிந்தபடியே அதைப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து என்னைப்

முடிவு இரண்டு: சுரண்டிய தகரம் தெரிகிறது. திருகு சரியாக இறுகாமல் அப்போதே எரியாமலும் இருந்திருக்கலாம், பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அண்ணன் அப்படி யோசிக்க மாட்டார். "நான் சொன்னேன்ல, கழண்டுதான் போச்சு" என்று சொல்லிக்கொண்டு மறுபடி சீட்டு கிழிக்கப் போய்விடுவார். என் பொய் பொய் என்று யாருக்கும் தெரியாது.

காலையிலிருந்து எந்த முடிவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? இரண்டாவதை. என்னைப் பின்னால் நிற்க வைத்தால்தான் தைரியம் என்கிற மனிதனின் தலையிலேயே பழி நிற்க வேண்டும் என்று. எழுதியதை நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆனாலும் வேண்டுதலை மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

7

மூன்றாவது முடிவு ஒன்று உண்டு. எட்டு மணிக்கு முன்பே போய், திருகைத் தொடும் முன் அவரை நிறுத்தி, "அண்ணே, நான் அன்னைக்குப் பாக்கவே இல்ல" என்பது. ஒரே ஒரு வாக்கியம். அச்சுக்கு அனுப்ப எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த எட்டு மணி எப்போதோ கடந்திருக்கும். நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? என்னை இவ்வளவு தூரம் படித்த பிறகுமா?

அதனால் ஒரு உதவி. எங்காவது ஒரு கடை வாசலில் நீங்கள் காரைப் பின்னால் எடுக்கும்போது, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "சார், உங்க வலது பக்கம் எரியல, இன்னைக்கே பாத்துருங்க" என்று சொன்னால், அது அண்ணன்தான். அவர் இன்னும் அங்கே நிற்கிறார் என்றால், திருகின் அடியில் தகரம் தெரிந்தது, நான் வாயைத் திறக்கவில்லை என்று பொருள்.

கண்ணாடியை இறக்குங்கள். உங்கள் தம்பி அன்று பார்க்கவே இல்லை என்று சொல்லுங்கள்.