தாய்மாமன் தோடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் ஆரம்பித்தது. என் தங்கை வான்மதி கேட்ட ஒரு பக்கக் கடிதம், கவுண்டி கோர்ட்டுக்கு. இங்குள்ள தமிழ்ச் சங்க மலரில் வருஷத்துக்கொரு கதை எழுதுகிறவனுக்கு ஒரு பக்கமெல்லாம் பெரிய வேலையா என்று நினைத்திருக்கிறாள், பாவம். பத்து நாளாகியும் முதல் வரி தாண்டவில்லை.

2

அந்த முதல் வரிகள் இவை. அடிக்காமல் விடுகிறேன்.

"வான்மதியும் அவள் ரூம்மேட்டும் —"

"வான்மதியும் அவளுடைய நெருங்கிய சிநேகிதி ஷ்யாமளாவும் —"

"என் தங்கை குணத்தில் தங்கம். அவள் —"

(மூன்றாவது, கல்யாணத் தரகர் எழுதியது மாதிரி இருக்கிறது.)

உங்களுக்கு விஷயம் தெரியவேண்டும். வான்மதியும் ஷ்யாமளாவும் ஆறு வருஷமாக இங்கே பக்கத்து ஊர் டப்ளினில் தம்பதியாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். தென்றலைக் கைக்குழந்தையாக இருவரும் சேர்ந்துதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் தத்துப் பத்திரத்தில் ஷ்யாமளா பெயர் மட்டும். போன குளிர்காலம், தொண்ணூற்றெட்டு டிசம்பரில், டேகேரில் குழந்தைக்கு ஜுரம் ஏறிவிட, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் வான்மதி. நீங்கள் யார் என்று கேட்டார்கள். காட்ட ஒரு காகிதம் இல்லை. ஃப்ரீவே நெரிசலில் ஷ்யாமளா வந்துசேரும்வரை ஒன்றேமுக்கால் மணி நேரம் பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம். அதனால்தான் இப்போது தானும் சட்டப்படி தாயாக மனு போட்டிருக்கிறாள். சில ஜட்ஜுகள் தருகிறார்கள், சிலர் தருவதில்லை. குடும்பத்திலிருந்து ஒரு கடிதம் இருந்தால் நல்லது என்றார் வக்கீல். இந்த நாட்டில் அவளுக்குக் குடும்பம் நான் ஒருத்தன்தான்.

3

இனி, அண்ணன் என்ற பாத்திரம். முதலில் அவனைப் பரந்த மனசுக்காரனாக எழுதினேன். படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. நிஜ அண்ணன், லிவர்மோர் கோயிலில் யார் கேட்டாலும் ஷ்யாமளாவை ரூம்மேட் என்றே சொல்லிவந்தவன். அவளும் முகம் மாறாமல் புளியோதரைத் தட்டை முதலில் எனக்குத்தான் நீட்டுவாள்.

போன சனிக்கிழமை தென்றலுக்குக் காதுகுத்து. நான் ஒரு பொம்மை டெலிஃபோன் வாங்கிக்கொண்டு விருந்தாளியாகப் போனேன்.*

குழந்தைகள் டாக்டரான நாகமணி ஆன்ட்டிதான் குத்தினார். ஸ்கெட்ச் பேனாவால் காதில் புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தாய்மாமன் யாருப்பா? வந்து மடியில வெச்சுக்கோங்க. தோடு கொண்டு வந்திருக்கீங்கல்ல?"

எங்கள் ஈரோட்டுப் பக்கம் தோடு தாய்மாமன் சீர். எனக்குத் தெரியாததா? தோன்றவே இல்லை.

(இந்த இடத்தில் அண்ணனே தோடு வாங்கிவந்ததாக எழுதிப் பார்த்தேன். வான்மதி படித்தால் சிரிப்பாள்.)

பின்னாலிருந்து என் கைக்குள் ஒரு சின்ன டப்பா வந்தது. வான்மதி. நான் தோடில்லாமல் வருவேன் என்று தெரிந்து, என் மானத்தைக் காப்பாற்ற அவளே வாங்கி வைத்திருக்கிறாள். நான் கொண்டுவந்ததுபோல அதை நீட்டிவிட்டு உட்கார்ந்தேன். முதல் காதுக்குத் தென்றல் என் சட்டைப் பொத்தானைப் பிய்த்தாள். இரண்டாவதற்குக் கையைக் கடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடித்ததால்தான் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

* ஷ்யாமளாவுக்கும் நியூ ஜெர்சியில் ஓர் அண்ணன் உண்டு, அனந்தராமன். அழைப்புச் சொல்ல நாலு தடவை கூப்பிட்டாள். அவர் ஃபோனை எடுக்கவில்லை.

4

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் ஐந்து பக்கம் எழுதினேன். ரூம்மேட், டப்பா, எல்லாம். வான்மதிக்கு ஃபேக்ஸ் பண்ணினேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டாள்.

"ஜட்ஜுக்கு எதுக்குங்கண்ணா இத்தனை? கடைசி வரிய மட்டும் சைன் பண்ணி அனுப்புங்க. மத்ததைக் கதையா வெச்சுக்கோங்க." ஃபோனை வைக்கும் முன், "ரூம்மேட் விஷயம் ஷ்யாமிகிட்ட நேர்ல சொல்லிருங்க" என்றாள்.

சொன்னேன். ஷ்யாமளா என்ன பதில் சொன்னாள் என்பதை எழுதப்போவதில்லை. அது எனக்கு மட்டும்.

5

முடிவு ஒன்று: ஜட்ஜ் கையெழுத்துப் போடுகிறார். தென்றல் அவர் மேஜைமேல் உட்கார்ந்து —

முடிவு இரண்டு: மனு —

இல்லை, கை வரவில்லை. வியாழக்கிழமை விசாரணை. முடிவு என்னிடம் இல்லாததால் அந்த ஜட்ஜ் நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். தங்கை வெட்டியது போக, உங்கள் முன்னால் இருக்கும் கடிதம் இவ்வளவுதான்:

"தென்றலுக்குத் தாய்மாமன் நான். அவள் தாய் என் தங்கை வான்மதி."