இருநூற்றுப் பதினாலாம் எண் காளை

போன வருஷம் எங்கள் ஊர் ஜல்லிக்கட்டில் என் அண்ணி அழகம்மாளை மைக் போட்டு அவமானப்படுத்தினார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்துப் பிள்ளை மாதிரி வளர்த்த காரி என்கிற கறுப்புக் காளையோடு அண்ணி வரிசையில் நிற்கிறார். அவருடைய டோக்கனைக் கலர் ஜெராக்ஸ் எடுத்த எவனோ ஒருவன், அதே எண்ணில் முன்னாடியே தன் காளையை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். பின்னால் வந்தவர்தானே கள்ளி? "போலி டோக்கன் கொண்டாந்த அழகம்மா, மாட்டைத் திருப்பி ஓட்டிட்டுப் போகவும்" என்று கமிட்டித் தலைவர் சிவசாமி மூன்று தடவை மைக்கில் சொன்னார்.

அதற்கப்புறம் அண்ணி ஒரு காதுகுத்துக்குக்கூடப் போகவில்லை. இலுப்பூர் சந்தையில் யாரோ "டோக்கன் அழகம்மா" என்று சிரித்தார்களாம். வாங்கிய காய்கறியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். காளையை விற்றுவிடலாம் என்றான் அண்ணன்.

"ஒரே ஒரு தடவ வாடிவாசல்ல எம்பேரைச் சொல்லி காரி எறங்கட்டும். அப்புறம் வித்துக்கங்க. இந்தத் தடவையும் திருப்பி அனுப்புனாய்ங்கன்னா நானே கயித்தை அவுத்துக் குடுத்துர்றேன்" என்றார் அண்ணி.

நான் திருச்சியில் மொபைல் ஆப் எழுதும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஊர் பேர் தெரியாத ஆட்களின் ரகசியத்தையெல்லாம் நாள் முழுக்கப் பூட்டிக் காப்பாற்றுகிறவள், சொந்த அண்ணியின் பேரைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் என்ன வேலை அது? மார்கழியில் ஊருக்கு வந்து நேராகச் சிவசாமி வீட்டுக்குப் போனேன்.

"சித்தப்பா, டோக்கனை இந்த வருஷம் நான் பண்ணித் தாரேன். ஒங்க லேப்டாப்புல ஒரு புரோகிராம், வாசல்ல நிக்கிறவங்க போன்ல ஒரு ஆப். அம்புட்டுதேன்."

"முப்பது வருஷமா நோட்டுலதான் நடக்குது, சத்யா."

"நடந்த லட்சணத்தைத்தான் போன வருஷம் பார்த்தோமே."

முறைத்தார். ஆனால் ஒத்துக்கொண்டார். போலி டோக்கனால் அவர் தலையும்தான் உருண்டிருந்தது.

செய்தது இதுதான். மாட்டுக்காரர் பெயர், காளை நிறம், எண் எல்லாவற்றையும் ஒரு கியூஆர் கோடுக்குள் வைத்து, அதன் மேல் கமிட்டியின் டிஜிட்டல் கையெழுத்தைப் போட வேண்டும். கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி சிவசாமியின் லேப்டாப்பில் மட்டும் இருக்கும். சரிபார்க்கும் பொதுச் சாவி எல்லாப் போனிலும் இருக்கும். உள்ளே ஓர் எழுத்தை மாற்றினாலும் கையெழுத்து ஒத்துப்போகாது, போன் சிவப்பாகிவிடும். சரிபார்க்க நெட்டும் தேவையில்லை. பத்தாயிரம் பேர் கூடும் பொட்டலில் டவர் எங்கே கிடைக்கப்போகிறது?

ஆனால் எதையும் மாற்றாமல் அப்படியே ஜெராக்ஸ் எடுத்தால்? கையெழுத்தும் சேர்ந்து வரும், போன் பச்சைதான் காட்டும். பெயரை வைத்தும் பிடிக்க முடியாது. மாமன் மச்சான் மாட்டை ஓட்டி வருவது இங்கே சாதாரணம். இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, வழி சிவசாமியிடமே இருந்தது. மாட்டைப் பார்த்தால் அவர் முதலில் எண்ணுவது அதன் உடம்பில் ரோமம் வளைந்து விழும் சுழியைத்தான். எந்த இரண்டு காளைக்கும் எல்லாச் சுழியும் ஒரே இடத்தில் விழாது என்பார். பதிவுக்கு வந்த ஒவ்வொரு காளையையும் அவரே தடவிப் பார்த்துச் சுழி சொல்ல, நான் அதையும் கோடுக்குள் ஏற்றிக் கையெழுத்துப் போட்டேன்.

கோடோடு, பெயரும் சுழியும் எழுத்திலும் தெரியும்படி டோக்கனை அச்சடித்துக் கொடுத்தாயிற்று. அண்ணியின் எண் இருநூற்றுப் பதினாலு. வாங்கிய கையோடு அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார். நான் கத்தினேன். "ஊரு பாக்கணும்ல?" என்றார்.

ஜல்லிக்கட்டு அன்று காலையில் வாடிவாசலுக்குப் பின்புறம் நான் நின்றேன். போஸ்ட் ஆபீசில் வேலை பார்க்கும் கவியரசன் அண்ணன் கையில் போன். இருநூறுக்கு மேல் காளைகள் சிக்கலில்லாமல் போயின. இருநூற்றுப் பதினாலுக்கு ஒரு கறுப்புக் காளை வந்தது. பிடித்திருந்தவன் எனக்குத் தெரியாத ஆள், பெயர் முத்துராஜ் என்றான்.

"அழகம்மா எம் பெரியப்பா மக. அதுக்கு ஒடம்பு சரியில்ல, நான் ஓட்டியாந்தேன்."

கவியரசன் ஸ்கேன் செய்தார். பச்சை.

"பொய்யி! அது என் நம்பரு!" பத்தடி பின்னாலிருந்து அண்ணி கத்தினார். காரியை இழுத்துக்கொண்டு வந்து தன் டோக்கனை நீட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. போன வருஷ அவமானம் கழிய வேண்டும் என்று, நாலு மூலையிலும் மஞ்சளும் சந்தனமும் குழைத்து அப்பி, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம் வைத்துக் கருப்பர் சாமி காலடியில் வைத்து எடுத்து வந்திருக்கிறார். நல்ல காகிதத்துக்கு நாலு மூலையில் மஞ்சள் தடவுவது எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கியூஆர் கோடைக் கொண்டுபோய் மூலையில் அச்சடித்த அறிவாளி நான்தான்.

மற்றவர்கள் லேசாகத் தொட்டு வைத்திருந்தார்கள், துடைத்தால் போன் படித்தது. இதைத் துடைக்கத் துடைக்கக் குங்குமம்தான் பரவியது. கோடைப் படிக்க முடியாமல் போன் சிவப்பு காட்டியது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா, அழகம்மா?" சிவசாமியின் கை மைக்குக்குப் போனது. அண்ணி காரியின் கயிற்றை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தார். 

"சித்தப்பா, மைக்கை வைங்க! பச்சை வந்தா போதுமா? சுழியைப் பாக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

கவியரசன் முத்துராஜின் காகிதத்தைப் படித்தார். "நெத்தியில ஒண்ணு, வாலடியில ஒண்ணு." அவன் காளையைப் பார்த்தார். "சரியா இருக்கே, சத்யா."

முத்துராஜ் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புரிந்தது. ஸ்டேட்டஸ் படத்தை எடுத்து, சுழி வரியை மட்டும் தன் மாட்டுக்குத் தக்கபடி மாற்றி அச்சடித்திருக்கிறான். கியூஆர் கோடுக்குள் அவனால் கை வைக்க முடியாது.

"பேப்பரைப் படிக்காதீங்கண்ணே. போன்ல என்ன இருக்குன்னு சத்தமாப் படிங்க."

கவியரசன் படித்தார். "காரி. நெத்தியில ஒண்ணு. திமிலுக்குப் பின்னால நாலு விரல் தள்ளி ஒண்ணு. வலது முன்னங்காலுக்கு மேல ஒண்ணு." பிறகு நிமிர்ந்து முத்துராஜின் காளையைப் பார்த்தார். "வாலடின்னு இதுல இல்லவே இல்லையே!"

சிவசாமி மேடையிலிருந்து இறங்கி வந்தார். அண்ணியின் காளை நெற்றியில் கை வைத்தார். திமிலுக்குப் பின்னால் விரலை மடக்கி அளந்தார், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. முன்னங்காலுக்கு மேலே தடவினார். காரி அசையாமல் நின்றது.

"நான் சொல்லி ஏத்துன சுழிதான். இது அழகம்மா மாடு" என்றார்.

எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. அண்ணியின் டோக்கன் குங்குமத்தில் குளித்துக் கிடக்க, கமிட்டி கையெழுத்துள்ள அவருடைய கோடின் சுத்தமான நகலைத் திருடனே பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்! முத்துராஜ் நழுவப் பார்த்தான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அவன் தோளில் கை போட்டு அழைத்துப்போனார்.

"இருநூத்திப் பதினாலு, அழகம்மா காளை!" மைக் அலறியது. காரி வாடிவாசலை விட்டு வெளியே வந்த வேகத்தில் மாடுபிடி வீரர்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். ஒருவன் திமிலைத் தொட்டான், அடுத்த நொடி களத்தில் பரப்பியிருந்த தேங்காய் நாரில் கிடந்தான். அது நின்று விளையாடியது, சுற்றிப் பார்த்தது, யாரையும் அண்டவிடாமல் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போனது. பொட்டலே விசிலடித்தது. நானும் அடித்தேன், எனக்கு விசில் வராது, காற்றுதான் வந்தது.

அண்ணி காளை பின்னால் ஓடவில்லை. நேராக மேடைக்கு முன்னால் போய் நின்றார்.

"போன வருசத்துக்கு என்ன சொல்றீங்க?"

சிவசாமி என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். மைக்கை எடுத்தார். "போன வருசம் அழகம்மா கொண்டாந்தது நல்ல டோக்கன். தப்பு கமிட்டி மேலதான்."

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு மூணு தடவ சொன்னீங்க. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு."

சிவசாமி மறுபடியும் மைக்கை எடுத்தார்.