பாதி டிரைவர்

"அமுக்குங்க, அமுக்குங்க, அமுக்கிக்கிட்டே இருங்க... ஏங்க, தூங்குதியளா?"

மேசைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த வல்லிநாயகம் தூங்கவில்லை. வலது உள்ளங்கையால் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டுதான் இருந்தார். இடது கை பிரேக்கின் மேல் தயாராக இருந்தது. முகத்துக்கு நேரே மனைவி வடிவம்மாளின் இரண்டு கால்களும் தலையணைமேல் கிடந்தன. மருந்து ஏற்றி ஏற்றி அந்தக் கால்களுக்கு உணர்வே போய்விட்டது. கட்டெறும்பு கடித்தாலும் தெரியாது, பெடல் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. அதனால் சில மாதங்களாக, டிவியில் அவள் ஓட்டுகிற காரில் ஸ்டீயரிங் அவளிடம், பெடல் அவரிடம்.

"பிரேக்கு! முழுசா... விடுங்க. பாதி அமுக்குங்க. பாதின்னா பாதி. ஆங், இப்பம் முழுசா."

டிவியோ மேசைக்கு அந்தப் பக்கம், சுவரில் இருந்தது. மேசைக்கு அடியில் இருந்தவருக்கு அது தெரியாது. இத்தனை ரேஸ் ஓட்டியும் ஒரு வளைவைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. வளைவில் உள்ளோரத்தை உரசாமல் ஒட்டித் திரும்பி, வெளியோரத்துக்கு அகன்று போகவேண்டும் என்று அவள் சொல்லக் கேட்டதோடு சரி. இத்தாலி என்றால் அவருக்கு வலது கை வலி. மொனாக்கோ என்றால் இடது கை வலி. பெல்ஜியத்தில் நல்ல மழை என்று அவள் சொன்னாள், இவருக்கு அன்றைக்கும் வியர்த்துத்தான் கொட்டியது.

வடிவம்மாள் தென்காசியில் போக்குவரத்து போலீஸ். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, வெயிலிலும் சாரலிலும் நின்று, சிறப்பு எஸ்.ஐ. ஆனவள். வல்லிநாயகம் குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டு லாட்ஜ் ஒன்றில் மேனேஜர். அவருக்கு சைக்கிளைத் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான் போய் வந்தார். "மேடம், பின்னால லோடு ஏத்திருக்கீங்க, பெர்மிட்டு இருக்கா?" என்று ஜங்ஷனில் நிற்கிற ஆட்டோக்காரர்கள் கேட்பார்கள். அவர் சிரித்துக்கொள்வார்.

நோய் இன்னதென்று தெரிந்து அவள் மெடிக்கல் லீவில் உட்கார்ந்தபோது, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் வித்யாலட்சுமி இந்த ரேஸ் விளையாட்டை ஸ்டீயரிங், பெடல் சகிதம் வாங்கி வந்து மாட்டினாள்.

"வேகமாப் போறவனப் புடிக்கதுக்கே என் சர்வீஸு பூராவும் போச்சு. இப்பம் என்னையே வேகமாப் போவச் சொல்லுதா இவ" என்று வடிவம்மாள் அலுத்துக்கொண்டாள். முதல் ரேஸில் சிவப்பு விளக்குகள் அணைந்ததும் எல்லாக் கார்களும் பறந்துபோக, இவள் மட்டும் நின்றாள். பச்சை விழட்டும் என்று நின்றாளாம். அந்த விளையாட்டில் பச்சையே கிடையாது, சிவப்பு அணைந்தால் போகவேண்டியதுதான் என்று வித்யா விளக்கியபோது, "இது என்னட்டீ ஊரு? சிக்னல் போடுதவன வரச் சொல்லு" என்றாள்.

ஆனால் பிடித்துக்கொண்டது. உலகம் பூராவும் இருபத்து நாலு ஊர், இருபத்து நாலு ரேஸ், எல்லாம் சேர்ந்து ஒரு சாம்பியன்ஷிப். ரேஸைச் சுருக்கி வைத்துக்கொள்ளலாம், சீக்கிரம் முடிந்துவிடும் என்று மகள் சொன்னதை அவள் கேட்கவில்லை.

"அரை நாள் டூட்டி பாத்துட்டு முழு நாளு சம்பளமா? முழுசாவே வைய்யி."

ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில், மாத்திரைக்கு நிறுத்தி, வாந்திக்கு நிறுத்தி, கஞ்சிக்கு நிறுத்தி, ஒவ்வொரு ஊராக ஓட்டி வந்தாள். போன வாரம் டாக்டர், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியபோது ஒரே ஒரு ஊர் பாக்கி இருந்தது. அபுதாபி.

வரும் வழியில் காரில் அவள் சொன்னாள்: "நான் எப்பம் போவேன்னு டாக்டருக்கே தெரியலை. அபுதாபிக்கு எப்பம் போவேன்னு எனக்குத் தெரியும். வித்யா வந்த மறுநாள்."

வித்யா நேற்று வந்துவிட்டாள். கணக்கும் எளிதாகத்தான் இருந்தது. பச்சை நிறக் கார் ஒன்று வருஷம் பூராவும் இவளோடு மல்லுக்கு நின்றது. கம்ப்யூட்டர் ஓட்டுகிற கார்தான், ஆனால் வீட்டில் அதற்குப் 'பச்சைக்காரன்' என்று பேர். இன்றைக்கு அவனுக்கு முன்னால் கோட்டைத் தாண்டினால் கோப்பை இவளுக்கு, பின்னால் தாண்டினால் அவனுக்கு. வல்லிநாயகத்துக்கு அந்தக் கோப்பை வேண்டும். அவளைவிட அவருக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது. டாக்டரிடம் கேட்டுக் கிடைக்காததையெல்லாம் சேர்த்து இந்த ஒன்றில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பம் யாரு முன்னால போறா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"நீங்கதான். நீங்களும் உங்க பொண்டாட்டியும்" என்றாள் வித்யா. நாற்காலிக்குப் பின்னால் நின்று அம்மாவின் தோள்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பச்சைக்காரன் பின்னாலயே ஒட்டிக்கிட்டு வாரான்."

"ஏட்டி, பேச்சக் குடுக்காத. அவுங்க கை தளந்துரும்" என்றாள் வடிவம்மாள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையும் காலியில்லை. வித்யா குனிந்து எடுத்து அவர் காதில் வைத்தாள். லாட்ஜ் முதலாளி.

"வல்லிநாயகம், இங்கன ஒரே கூட்டம். நூத்தி ஏழுல ஒருத்தன் எண்ணெயத் தேச்சுக்கிட்டு அப்படியே மெத்தையில படுத்துட்டான். கேட்டா சண்டைக்கு வாரான். நீரு ஒரு எட்டு வந்து பேசும்."

"முதலாளி, நான் இப்பம் அபுதாபியில இருக்கேன்."

"எப்பம்வே போனீரு?"

"பிரேக்கு!" என்று மேலேயிருந்து அதட்டல் வந்தது. வித்யா போனை அணைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வடிவம்மாளும் சிரித்திருக்க வேண்டும். மேசை லேசாகக் குலுங்கியது.

கடைசிச் சுற்றுக்கு இன்னும் இரண்டு சுற்று இருந்தபோதுதான் அது நடந்தது. வெளியே மெயின் ரோட்டில் சீசனுக்கு வந்த வண்டிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் சைரன் ஒன்று கிட்டே வந்தது.

வடிவம்மாளின் கைகள் ஸ்டீயரிங்கை மெல்ல இடது பக்கம் ஒடித்தன.

அதே நொடியில் வல்லிநாயகத்தின் வலது கை ஆக்ஸிலரேட்டரை விட்டது. இடது கை பிரேக்கைப் பிடித்தது. விடுங்க என்றும் அவள் சொல்லவில்லை, பிரேக்கு என்றும் சொல்லவில்லை. சைரன் கேட்டால் ஸ்கூட்டர் ஓரம் போகும், நிற்கும். அவ்வளவு வருஷம் பின்சீட்டில் உட்கார்ந்த உடம்புக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அம்மா! என்னம்மா செய்ற! அப்பா!" வித்யா அலறினாள்.

அபுதாபியில் வடிவம்மாளின் கார் ஓரம்கட்டி ஒழுங்காக நின்றது. பச்சைக்காரன் பக்கத்தில் உரசிக்கொண்டு போனான். ஜன்னலுக்கு வெளியே சைரன் தெருமுனையைத் தாண்டித் தேய்ந்தது.

வித்யா எட்டி விளையாட்டை நிறுத்திவைத்தாள்.

"ம்மா, ரீவைண்டு இருக்கு. அந்தப் பட்டன அமுக்கு. கொஞ்சம் பின்னால போயி அங்கேருந்து ஓட்டலாம். விளையாட்டுலயே குடுத்துருக்கான், தப்பில்ல" என்று வித்யா படபடத்தாள்.

"அது ஆம்புலன்ஸுட்டீ."

"அது ரோட்டுல போச்சும்மா. நீ அபுதாபியில இருக்க!"

"உள்ள ஆளு இருக்கும்லா."

வல்லிநாயகம் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "வடிவு, ஒரு தடவதான. அந்தப் பட்டன அமுக்குட்டீ. உனக்காக வேண்டாம், எனக்காக அமுக்கு."

அவள் குனிந்து அவரைப் பார்த்தாள். முடி கொட்டிய தலையில் வித்யா கட்டிவிட்ட பூப்போட்ட துணி நெற்றிவரை இறங்கியிருந்தது. ஜங்ஷனில் ஹெல்மெட் இல்லாமல் வந்து கெஞ்சுகிறவர்களைப் பார்க்கிற பார்வைதான். ஆனால் உதட்டோரம் சிரிப்பு துடித்தது.

"வழிய விட்டுட்டு, பொறவு திருப்பிக் குடுன்னு கேக்க முடியுமா? கேணையன்னுல்லா சொல்லுவான். உள்ள போங்க. அமுக்குங்க. இன்னும் ரோடு கெடக்கு."

அவர் உள்ளே போனார், வித்யா விளையாட்டை மறுபடி ஓடவிட்டாள். அமுக்கினார். அன்றைக்கு அமுக்கியதுபோல் வாழ்நாளில் அவர் எதையும் அமுக்கியதில்லை. "பாதி... முழுசு... விடாதிய, விடாதிய..." அவள் குரல் உடைந்து உடைந்து வந்தது. வித்யா நாற்காலியின் முதுகைத் தட்டிக்கொண்டே கத்தினாள். "வந்துட்ட, வந்துட்ட, பக்கத்துல வந்துட்டம்மா..."

பச்சைக்காரன் அரைக் கார் முன்னால் கோட்டைத் தாண்டினான்.

வல்லிநாயகத்துக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. வித்யா கையைக் கொடுத்து இழுத்தாள். அவர் எழுந்து நின்று டிவியைப் பார்ப்பதற்குள் ரேஸெல்லாம் முடிந்து, கார் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. திரையில் இரண்டாவது இடத்துக்கு நேரே வடிவு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சொன்னாள்:

"மூஞ்சியத் தூக்காதிய. அந்தப் பயல விடக்கூடாது. ஆம்புலன்ஸுக்கு வழி விடாமப் போனதுக்கு ஸ்பாட் ஃபைன் போடணும். லைசென்ச வாங்கி வைங்க."

முதலில் சிரித்தது வித்யாதான். பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். வடிவம்மாள் இருமும்வரை சிரித்தாள். இருமல் நின்றதும் பாயசம் இருக்கா என்று கேட்டாள். ஜெயிப்பாள் என்று வித்யா முன்கூட்டியே வைத்திருந்த பாயசம். இரண்டு ஸ்பூன் குடித்தாள், ருசித்துக் குடித்தாள்.

"இருபத்து நாலும் ஓட்டியாச்சு. ஒண்ணக்கூட பாதியில விடலை" என்றாள் கட்டிலில் சாய்ந்துகொண்டே. "எவ்வளவு ஊரு பாத்துட்டோம், என்னங்க?"

"நான் எங்கட்டீ பாத்தேன்" என்றார் அவர்.

"நல்லா அமுக்குனீய" என்றாள்.

மறுநாள் காலை, பால் காய்ச்சுகிற நேரத்தில், சிரமப்படாமல் போய்விட்டாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

குத்துக்கல்வலசையில் அவர்கள் தெரு சின்னது. பந்தல் போட்டதும் பாதித் தெரு அடைபட்டது. ஸ்டேஷனிலிருந்து மாலை வந்தது. பெண் போலீஸ்கள் வந்து உள்ளே போய் அழுதார்கள். வல்லிநாயகம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கைநீட்டிக்கொண்டிருந்தார். அவளோடு ஜங்ஷனில் நின்ற ஏட்டு உச்சிமாகாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சாய்ந்து கேட்டார்:

"அண்ணாச்சி, கேக்கக்கூடாது. நேத்தைக்கு அபுதாபி என்னாச்சு? ஸ்டேஷன்ல எல்லாவனும் கேக்கான்."

வல்லிநாயகம் சொன்னார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். சைரன் வந்த இடத்துக்கு வரும்போது சுற்றிலும் நாற்காலிகள் நெருங்கியிருந்தன. அவள் இடது பக்கம் ஒடித்ததைச் சொன்னதும் உச்சிமாகாளி, "ஓரம் கட்டிட்டாவளா!" என்று தொடையில் தட்டினார். பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர்வரை சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் யாரென்று எட்டிப் பார்த்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது, ஆனால் பேச்சு நிற்கவில்லை.

"அது செல்லாது" என்றார் உச்சிமாகாளி. "அவன் வழி விடாமப் போயிருக்கான். ஜெயிச்சது செல்லாது."

"அவன் கம்ப்யூட்டரு. அவனுக்குச் சைரன் கேக்காது."

"கேக்காட்டா லைசென்சு எப்படிவே குடுத்தான்?"

இந்த வழக்கு சுடுகாடுவரை கூடவே போனது. கொள்ளி வைத்தது வல்லிநாயகம்தான். அப்போது மட்டும் அடங்கியிருந்தவர்கள், குளிப்பதற்குச் சிற்றாற்றில் இறங்கியதும் மறுபடி தொடங்கினார்கள். மலையில் நல்ல மழை. தண்ணீர் குளிர்ந்து வேகமாக வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அல்தாப் படியில் நின்று எல்லாருடைய போனையும் சட்டையையும் அள்ளிப் பிடித்திருந்தான். அபுதாபியில் நெடுங்காலம் டாக்சி ஓட்டிவிட்டு வந்தவன். அவன் படியிலிருந்தே சொன்னான்:

"ஏட்டய்யா, நான் ஒண்ணு சொல்லுதேன். அபுதாபியில ஆம்புலன்ஸுக்கு வழி விடலைன்னா சும்மா விடமாட்டான். ஃபைனு தீட்டிருவான். வண்டியையும் புடிச்சு உள்ள போட்டுருவான்."

உச்சிமாகாளி இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார். "நெசமாவா?"

"அல்லா மேல சத்தியமா. என் கூட்டாளிக்கே புடிச்சான்."

"கேட்டியளா அண்ணாச்சி! ரேஸு நடந்தது எங்க? அபுதாபியில. சட்டம் எந்த ஊருச் சட்டம்? அபுதாபிச் சட்டம். வண்டி ஸ்டேஷன்ல நிக்கி. பொறவு அவன் எப்படிவே கப்பு வாங்குவான்?"

ஆற்றில் நின்ற அத்தனை பேரும் "ஓ" என்றார்கள். ஒருவர் தண்ணீரை அறைந்தார். "அப்பம் எஸ்.ஐ. அம்மாதான்!" என்று யாரோ சொல்ல, "பின்ன!" என்றார் உச்சிமாகாளி, தீர்ப்பு எழுதி முடித்தவர்போல.

எல்லாரும் வல்லிநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். எழும்போது தோளில் கிடந்த துண்டைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"அண்ணாச்சி, துண்டு! ஏலே, புடிங்கலே!"

பிடிக்கப் பாய்ந்தவரின் கையை அவர் பிடித்து நிறுத்தினார். துண்டு நடு ஆற்றில் விரிந்து, வேகம் பிடித்து, ஆறு திரும்புகிற இடத்தில் உள்கரையை ஒட்டிச் சாய்ந்தது. அங்கே நீட்டிக்கொண்டிருந்த பாறையை ஒரு விரல் இடைவெளியில் தொடாமல் கடந்து, வளைவு முடிந்ததும் நேராகி, வெளிக்கரைப் பக்கம் அகன்று போனது.

வல்லிநாயகம் கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.