மெயினுக்குக் கொஞ்சம் பொறுமை

தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது அவளுக்கு. காலையிலிருந்து பேனல் அறையில் கையைத் தலைக்கு மேலே தூக்கி போல்ட் முறுக்கிய வலி. புருஷனைப் பற்றிய கவலை அதைவிடக் குடைந்தது.

அவள் அந்த ஆலையின் எலக்ட்ரீஷியன். அவன் அங்கேயே பழைய பிளாஸ்டிக்கை அரைக்கிற மெஷினை ஓட்டுகிறவன். மெஷினில் ஒரு கட்டி சிக்கினால் போதும், ஆலை மொத்தமும் இருண்டுவிடும். அவனுக்குக் 'கரண்ட் தின்னி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். இன்னொரு தடவை இருண்டால் லாரிக்கு மூட்டை ஏற்ற அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லியாயிற்று. முதுகில் ஆபரேஷன் ஆன உடம்பு, மூட்டை தாங்காது.

எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். நேற்று இருண்டபோது மச்சானை அத்தனை பேர் நடுவில் "கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று கிழித்தவரும் அவர்தான்.

"கட்டி சிக்கினா அவர் மெஷின் பிரேக்கர்தானேண்ணே ட்ரிப் ஆகிக் கரண்டை நிறுத்தணும்? ஆலைக்கே பொதுவான மெயின் எதுக்கு ஆகுது?" என்று கேட்டாள்.

அண்ணன் மூக்கைச் சொறிந்தார். அவளுக்குப் பொறி தட்டியது. மெயின் பிரேக்கரின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள். எவ்வளவு கரண்டில் ட்ரிப் ஆவது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்று வைக்கிற இரண்டு திருகுகளும் அடிமட்டத்தில் கிடந்தன.

"யார் இறக்கினது?"

"போன மழையில கேபிள் கருகிச்சுல்ல... குறைச்சு வச்சா பத்திரம்னு நான்தான்..."

"நல்லா பத்திரம் பண்ணினே, போ! சின்ன பிரேக்கர் சுதாரிக்கிறதுக்குள்ள பெரிசு குதிக்குது. வீட்ல நீ பண்றதேதான். பிள்ளைங்க சண்டையை அதுங்களே தீர்த்துக்கிறதுக்குள்ள பாஞ்சு, எல்லாரையும் வெளியில தள்ளிக் கதவைச் சாத்துவியே!"

அண்ணனுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார்.

கேபிள் எவ்வளவு தாங்கும் என்று இருவருமாகக் கணக்குப் போட்டார்கள். டீ இடைவேளையில் மெயினை நிறுத்தித் திருகுகளை ஏற்றினார்கள். கண் சிமிட்டும் நேரத்துக்குப் பொறுமை கொடுத்தால் போதுமாயிருந்தது.

மதியம் மறுபடி ஒரு கட்டி சிக்கி, 'கடக்' என்று சத்தம். அவள் விளக்குகளை அண்ணாந்து பார்த்தாள். நின்றது அரைக்கிற மெஷின் மட்டும்தான். ஒரு விளக்குகூட அணையவில்லை. யாரோ விசிலடித்தார்கள். எட்டிப் பார்த்த மேனேஜர் அப்படியே திரும்பிப் போனார்.

இமையெல்லாம் பிளாஸ்டிக் தூளோடு புருஷன் வந்து நின்றான்.

"என்னம்மா, இன்னிக்கு நான் கரண்டைத் திங்கலையா?"

"வாய்க்கட்டு போட்டிருக்கேன்."

அவன் கட்டைவிரலால் அவள் தோளை அழுத்தினான். "அழுக்குக் கைய எடுங்க," என்றாள். ஆனால் நகரவில்லை.

அண்ணன் ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து மச்சான் கையில் திணித்தார். "ஆறதுக்குள்ள குடிங்க மாப்ளே," என்றுவிட்டு நடந்தார்.

டீ வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் திட்டியதற்கு அத்தனை பேர் நடுவில் கேட்க வேண்டிய மன்னிப்பு வரவில்லை. அது அண்ணனின் பாக்கி.