பொட்டு வைத்த டிஸ்குகள்

ஆயுத பூஜைக்கு மண்வெட்டிக்குப் பொட்டு வைக்கலாம், தறிக்கு வைக்கலாம், ஆட்டோவுக்கு வாழைக்கன்றே கட்டலாம். யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து, உள்ளேயிருந்த ஹார்ட் டிஸ்குகளைக் கழற்றித் துடைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்ட ஆள் திருத்தணி வட்டாரத்திலேயே சாய்கிருஷ்ணன் ஒருவர்தான். பக்தி என்றால் அப்படியொரு பக்தி. மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்த குடும்பம். வருஷா வருஷம் கரண்டிக்கும் அண்டாவுக்கும் பொட்டு வைப்பதைப் பார்த்தே வளர்ந்தவர். இவர் கைக்குக் கரண்டி வரவில்லை, சர்வர் வந்தது. அதற்குச் செய்தார்.

கே.ஜி.கண்டிகை போகும் சாலையில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் அவர்தான் சர்வர் அறைக்குப் பொறுப்பு. 2008ஆம் வருஷம். லினக்ஸ் ஓடிய அந்தச் சர்வரில் இரண்டு டிஸ்குகள். முதல் டிஸ்கில் லினக்ஸுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தையும் இரண்டாவதையும் ஒரு தொகுதியாகச் சேர்த்து ஒரே சேமிப்பாக வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அது ஒரே பெரிய கிடங்கு. எது எந்த டிஸ்கில் கிடக்கிறது என்று அவர்கள் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. இடம் போதாமல் போனதால் மூன்றாவதாக ஒன்று சென்னையிலிருந்து வந்திருந்தது. அதே கம்பெனி, அதே அளவு. அதுவும் பூஜையில் உட்கார்ந்து பொட்டு வைத்துக்கொண்டது.

மறுநாள் விஜயதசமி, கல்லூரிக்கு விடுமுறை. புது டிஸ்கைச் சேர்க்கும் வேலையை அன்றைக்கே தொடங்கிவிட வேண்டும் என்று கிளம்பினார். அம்மா காமேஸ்வரி காலண்டரைப் பார்த்து, "பத்தே முக்கால்லேர்ந்து பதினொண்ணே முக்கால் வரைக்கும் நல்ல நேரம்டா. தாண்டிடாதே" என்று சொல்லி அனுப்பினாள். பஸ் கழுத்தறுத்தது. அறைக்குள் நுழையும்போதே மணி பதினொன்று இருபது.

மூன்று டிஸ்கும் மேலெல்லாம் சந்தனத்தோடு ஒரே ஜாடையில் கிடந்தன. எது புதுசு? காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி லேபிளைப் படித்திருக்கலாம். சாமிக்கு முன்னால் வைத்த பொட்டைச் சுரண்டுவதாவது! குத்துமதிப்பாக மாட்டி, சர்வரைக் கிளப்பி, சேமிப்பை முறைப்படி நிறுத்தி வைத்துவிட்டு, மூன்றாவது டிஸ்கைப் புதிதாகத் தயார் செய்யக் கட்டளை கொடுத்தார். மாட்டேன் என்றது சர்வர். இந்த டிஸ்க் ஏற்கெனவே ஒரு தொகுதியைச் சேர்ந்தது என்றது.

சாய்கிருஷ்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது. "பழைய டிஸ்கைப் புதுசுன்னு தலையில கட்டிட்டானே பாவி!" என்று கடைக்காரனைத் திட்டினார். மணி பதினொன்று நாற்பத்திரண்டு. வலுக்கட்டாயமாகச் செய் என்று அர்த்தம் வரும் எழுத்துகளைக் கட்டளையோடு சேர்த்து அடித்தார். நிஜமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றார். நல்ல நேரம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது வேலை முடிந்தது.

கடைக்காரன் பாவம், புதுசைத்தான் கொடுத்திருந்தான். அவர் மூன்றாவதாக மாட்டியது பழைய டிஸ்க். சேமிப்பைத் திரும்ப ஓட்டப் பார்த்தபோது, தொகுதியில் ஒரு டிஸ்கைக் காணோம் என்று சர்வர் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆராய்ச்சிக் கிடங்கு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த நேரம் பார்த்துக் கவிதா வந்து நின்றாள்.

திருவாலங்காட்டு விவசாயக் குடும்பத்துப் பெண். கரும்பு இலையின் போட்டோவைப் பார்த்தே துரு நோயை அடையாளம் சொல்லும் புரோகிராம் ஒன்றுதான் அவளுடைய முனைவர் பட்ட வேலை. அதற்காக அவள் அப்பா சுந்தரமூர்த்தி நான்கு வருஷம் அரை ஏக்கர் நோய்க் கரும்பைப் பிடுங்காமல் விட்டுவைத்தார். பக்கத்து நிலத்துக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "எம் பொண்ணு படிக்கிறாய்யா, நோவு உங்க பக்கம் வந்தா என்னைக் கேளு" என்று ஒற்றை ஆளாய் நின்றார். பதினோராயிரம் போட்டோக்கள். போன மாதம் நிலத்தை உழுது நெல் நட்டாகிவிட்டது. இனி எடுக்க வேண்டுமென்றால் கரும்பும் இல்லை, காலமும் இல்லை.

அத்தனையும் இந்தச் சர்வரில் மட்டும்தான் இருந்தது. "பென் டிரைவ்ல வெச்சா வைரஸ் தின்னுடும். சர்வர்ல போடு, நான் இருக்கேன்" என்று அவளிடம் சொன்னது வேறு யாருமில்லை, சாய்கிருஷ்ணன்தான். இந்தப் பெரிய சேமிப்புக்கு நகல் எடுக்கத் தனியாக இடம் கேட்டு இரண்டு வருஷமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை.

"அண்ணா, இன்னைக்கு நல்ல நாளு. மொத அத்தியாயம் ஆரம்பிச்சிடலாம்னு வந்தேன். இன்னா, போல்டரே தொறக்கல?"

அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. என்ன நடந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். டிஸ்க் என்றால் ஒருநாள் போகத்தான் செய்யும். உலகத்தில் தினம் ஆயிரம் டிஸ்க் போகிறது. யார் கேட்கப் போகிறார்கள்? வாய் தானாகத் திறந்தது.

"டிஸ்க்கு..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "நான்தாம்மா அழிச்சுட்டேன். அவசரப்பட்டு, தப்பான டிஸ்க்ல கை வெச்சுட்டேன். உன்னோடது, மத்தவங்களோடது, எல்லாம் போச்சு."

கவிதா நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அழிச்சதைத் திரும்ப எடுக்க முடியாதாண்ணா? யாரையாவது கேளுங்களேன்" என்றாள்.

அவருக்குச் சந்திரமோகன் நினைவுக்கு வந்தான். அந்தச் சர்வரை முதலில் அமைத்துக் கொடுத்தவன், அம்மையார்குப்பத்துக்காரன், இப்போது பெங்களூரில் வேலை. போன் போட்டு, சேமிப்பு போய்விட்டது என்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "டிஸ்க் கெட்டுப் போச்சா, நீ ஏதாவது பண்ணியா? பண்ணினா இன்னா அடிச்சே? ஒரு எழுத்து வுடாம சொல்லு."

கவிதா பக்கத்திலேயே இருக்க, சாய்கிருஷ்ணன் எல்லாவற்றையும் சொன்னார். பூஜை, சந்தனம், நல்ல நேரம், வலுக்கட்டாயம்.

"டிஸ்குக்குப் பொட்டு வெச்சியா!" அந்தப் பக்கம் சந்திரமோகன் சிரித்த சிரிப்பு கவிதாவுக்கே கேட்டது. பிறகு அவன் குரல் இறங்கியது. "சரி, பயப்படாதே. மூட்டை மேல தெச்ச சீட்டைத்தான் நீ கிழிச்சிருக்கே, உள்ள சரக்கு அப்படியே கீது. அப்புறம் வேற எதுவும் எழுதலயே?"

"இல்லடா. தொடவே இல்ல."

"அப்போ பொழச்சே. எந்த மாத்தம் பண்ணாலும் அதுக்கு முன்னாடி எந்த டிஸ்க் எங்க சேருதுன்ற கணக்கைச் சர்வரே ஒரு நகல் எழுதி மொத டிஸ்க்ல வெச்சிகினு இருக்கும். அதுல அந்த டிஸ்கோட பழைய பேரு இருக்கு. அதே பேரை அதுக்குத் திரும்ப வெய்யி, அப்புறம் பழைய கணக்கை ஏத்து. ஆனா நிதானமா. ஒவ்வொரு வரியும் எங்கிட்ட படிச்சுக் காட்டிட்டு அப்புறமா என்டர் தட்டு."

அந்த நகல் அங்கே இருந்தது. தேதி, நேரம், அவர் அடித்த கட்டளை முதற்கொண்டு எழுதி வைத்திருந்தது. பாதகத்தைச் செய்தவனுக்கே பரிகாரத்தையும் பத்திரப்படுத்தி வைத்த அந்தப் புரோகிராமை எழுதிய புண்ணியவான் எந்த ஊரோ, எந்த நாடோ! முகம் தெரியாத அந்த ஆளை நினைத்துச் சாய்கிருஷ்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அப்படித்தான்.

டிஸ்கின் பேர் என்பது எழுத்தும் எண்ணுமாக முப்பத்திரண்டு. கவிதா திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள், அவர் அடித்தார். முடித்ததும் அவள் முதலிலிருந்து இன்னொரு தரம் சரிபார்த்தாள். பிறகு சந்திரமோகனுக்குப் படித்துக் காட்டினார்கள். "ஆங், தட்டு" என்றான்.

பேர் ஒட்டியது. கணக்கு ஏறியது. சேமிப்பு எழுந்து நின்றது. உள்ளே சேதம் உண்டா என்று சோதிக்கும் வேலை ஒன்று பாக்கி. அது பாட்டுக்கு ஊர்ந்து ஊர்ந்து போனது. ஒன்றரை மணி தாண்டி, வியாழக்கிழமை ராகு காலம் ஜோராக நடந்துகொண்டிருந்தபோது, சேதம் ஒன்றுமில்லை என்று வந்தது. நல்ல நேரத்தில் போனது ராகு காலத்தில் திரும்பியது. காமேஸ்வரியிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டாள்.

கவிதா கடைசிப் போட்டோவைத் திறந்தாள். மஞ்சள் புள்ளி விழுந்த இலை. அதை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்திருக்கும் கட்டைவிரல், நகத்தில் சேறு. "நைனா" என்றாள். பதினோராயிரம் படத்திலும் இலையைப் பிடித்தது அவள் அப்பாதான். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

சாய்கிருஷ்ணன் சர்வரை நிறுத்தினார். புது டிஸ்கைத் தேடி எடுத்து, பொட்டைத் துண்டால் துடைத்து, லேபிளை இரண்டு தரம் படித்து, திரும்ப மாட்டி, அவளுடைய மொத்த வேலையையும் அதில் இன்னொரு நகல் போடத் தொடங்கினார். இடம் கேட்டு எழுதிய கடிதங்கள் கிடக்கட்டும், முதலில் இது.

நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது, "ஏம்மா, நீ என்னை ஒரு வார்த்தை திட்டலியே?" என்று கேட்டார்.

"திட்டத்தான் வாயத் தொறந்தேன்." முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். "டிஸ்க் போயிடுச்சுன்னு நீங்க சொல்லியிருந்தா, நம்பியிருப்பேண்ணா. விதின்னு எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். நீங்களும் போனைத் தொட்டிருக்க மாட்டீங்க. செத்த டிஸ்குக்கு யாரைக் கூப்பிடுவீங்க? அழிச்சேன்னு சொன்னதாலதான் திரும்ப எடுக்கலாமான்னு கேக்கத் தோணிச்சு."

சாய்கிருஷ்ணனால் அதை அப்படியே வாங்கிக்கொள்ள முடியவில்லை. "அப்படியெல்லாம் என்னைத் தூக்கி வெக்காதேம்மா. நான் மொதல்ல அந்தப் பொய்யைத்தான் சொல்ல வந்தேன்."

"தெரியும்ணா" என்றாள் கவிதா. "டிஸ்க்குன்னு ஆரம்பிச்சீங்க. நானும் கேட்டுகினுதானே இருந்தேன்? பாதியில நிறுத்தினீங்க பாருங்க, அதுக்குத்தான் நன்றி சொல்றேன்."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு அவர் யார் யாருக்கோ நன்றி சொல்லியிருந்தார். தனக்கு ஒருத்தி சொல்வாள் என்று நினைத்தே பார்க்கவில்லை. துடைத்துக்கொள்ளத் துண்டு தேடினார், அது சந்தனமாக இருந்தது, கையாலேயே துடைத்துக்கொண்டார்.