எறியிறான்

பந்து ஏன் ஒவ்வொரு தரமும் மூன்றடி முன்னாலேயே நிலத்தில் குத்துகிறது என்று சிறீஸ்கந்தராசாவுக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட்டுக்கு வேகப்பந்து போட்டவன் அவன். அங்கே பந்து குத்தி எழ வேண்டும். இந்த பேஸ்பாலில் குத்தவே கூடாது.

"உருளைக்கிழங்கே நடுறியள், அண்ணை?" எதிரே கையுறையோடு குந்தியிருந்த கிறிஸ்துநாயகம் கத்தினான்.

டென்மார்க்கின் இஷொய் ஊர்த் திடலில் நாளைக்கு ஆட்டம். இன்றைக்கு ஒரு பந்தாவது நேரே போகாவிட்டால் பயிற்சியாளர் ராண்டி அவன் பெயரை வெட்டிவிடுவார். அகதி விண்ணப்பத்துக்குப் பதினொரு மாதமாகப் பதில் இல்லை. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே இடம் இந்தத் திடல்தான்.

ராண்டி வந்து அவன் முழங்கையைப் பிடித்தார். "இதை ஏன் மடக்கவில்லை? நீதானே காஸ்டர்?"

காஸ்டர் என்றால் டேனிஷில் எறிகிறவன்; பேஸ்பாலில் பந்து எறிபவனுக்கு அதுதான் பெயர். அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. கிரிக்கெட்டில் பந்து 'போடுகிறவனை'ப் பார்த்து 'எறியிறான்' என்றால், முழங்கையை மடக்கிக் களவு செய்கிறான் என்று அர்த்தம். பள்ளிக்கூட ஆட்டம் ஒன்றில் அம்பயர் அப்படிச் சொல்லி அவனை மேற்கொண்டு பந்து போட விடவில்லை. பிறகு ஆறு மாதம் முழங்கை மடங்காதபடி கையில் அடிமட்டத்தைக் கட்டிக்கொண்டே பழகினான்.

"மடக்கினால் பிழையல்லோ?" என்றான், தமிழிலேயே.

ராண்டிக்கு வார்த்தை விளங்கவில்லை, முகம் விளங்கியது. சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கையில் பூரான் ஊர்ந்ததுபோல ஒரு தழும்பு. கை பாதிதான் நீண்டது. அதற்கு மேல் நீளவில்லை.

"அமெரிக்காவில் ஆறு வருடம் சம்பளத்துக்கு எறிந்தேன். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. ஏழாம் வருடம் டொக்டர் சொன்னார்."

சிறீஸ்கந்தராசா அந்தக் கையையே பார்த்தான். சும்மா தொங்கும்போதே மடங்கியிருக்கிற கை. எந்த கிரிக்கெட் அம்பயரும் பார்த்தவுடன் 'நோ-போல்' என்று கையை நீட்டுவார்.

"பயமே, அண்ணை?" கிறிஸ்துநாயகத்தின் குரலில் இப்போது பகிடி இல்லை.

"ஓம்."

கிரிக்கெட்டில் வேகம் ஓடிவருகிற ஓட்டத்திலிருந்து வருகிறது. அதனால் கை நேராக இருக்கலாம். இங்கே ஓட்டம் இல்லை, நின்ற இடம்தான். அப்படியென்றால் வேகத்தை வேறு எது தரும்?

முழங்கையை மடக்கினான். அம்பயரின் குரல் காதில் விழக் காத்திருந்தான். விழவில்லை. விசுக்கென்று நீட்டி எறிந்தான்.

பந்து நிலத்தைத் தொடாமல் போய்க் கையுறையில் அறைந்தது. கிறிஸ்துநாயகம் பின்னால் சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

ராண்டி மடங்கிய கையாலேயே எண்ணத் தொடங்கினார். "ஒன்று. நாளைக்கு அறுபது பந்து எறிந்ததும் நிறுத்து என்று நான் சொல்வேன்."

மடக்கி எறிய வேண்டும். நாளைக்கு அறுபதோடு நிறுத்த வேண்டும்.